ரோபோ போட்டியில் வெறுங்கையுடன் நிற்பவர்

ரோபோ போட்டி என்றதும் நமக்கு நினைவு வருவது மோட்டார், சென்சார், புரோகிராம் ஆகியவைதான். ஆனால் பள்ளி மாணவர்களுக்கான பல போட்டிகளில் ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு மாணவர் வெறுங்கையுடன் நிற்பதைப் பார்க்கலாம். அவர் கையில் ரிமோட் இருக்காது. ரோபோவைத் தொடவும் மாட்டார். இவருக்கு 'ஹியூமன் பிளேயர்' என்று பெயர். இவர் என்ன செய்கிறார், அதற்கு வீட்டிலேயே எப்படிப் பயிற்சி எடுக்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் போட்டியைப் பற்றிச் சில வரிகள். அமெரிக்காவில் டீன் காமன் என்பவர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் நடந்த அதன் முதல் போட்டியில் 28 அணிகள் கலந்து கொண்டன. இப்போது அதில் பல பிரிவுகள் உள்ளன. பெரிய ரோபோக்களுக்கானது எஃப்.ஆர்.சி. சிறியவற்றுக்கானது எஃப்.டி.சி. இந்தியாவிலும் நடக்கிற எஃப்.டி.சி.யில் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குல கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். முதல் 30 விநாடிகள் அது தன் புரோகிராமின்படி தானாக இயங்கும். அடுத்த 2 நிமிடங்கள் மாணவர்கள் ரிமோட்டில் ஓட்டுவார்கள். (கல்லூரி மாணவர்கள் அறிந்த ரோபோகான் வேறு. 2002-ல் தொடங்கிய அந்த ஆசிய பசிபிக் போட்டி 2008-லும் 2014-லும் நம் புனேயில் நடந்தது.)

என் சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரை. வேலை சென்னையில், ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அவர்களில் மூன்று பேர் இப்போது பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளியின் ரோபோ அணியில் இருக்கிறார்கள். இரண்டு பையன்களுக்கு புரோகிராமிங். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஹியூமன் பிளேயர் வேலை. "அண்ணா, எனக்குக் கோடிங் வராதுன்னுதான் என்னை அங்க நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

பல அணிகளில் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. மற்ற வேலைகளை எல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவரை அங்கே நிறுத்துகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. ஏன் என்பதை ஓர் ஆட்டத்தை வைத்தே விளக்குகிறேன்.

ஓர் இடம், இரண்டு பேர்

2024-25 பருவத்தின் எஃப்.டி.சி. ஆட்டத்துக்கு 'இன்டு தி டீப்' என்று பெயர். களத்தில் மூன்றரை அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் கட்டைகள் கிடக்கும். ரோபோ அவற்றைக் கூடையில் போடலாம். மேல் கூடை என்றால் 8 புள்ளிகள். இன்னொரு வழியும் உண்டு. தன் அணி நிறக் கட்டையை ரோபோ களத்தின் மூலையில் உள்ள 'அப்சர்வேஷன் ஸோன்' என்ற இடத்துக்குக் கொண்டு வரும். ஹியூமன் பிளேயர் அதில் ஒரு கிளிப்பை மாட்டித் திரும்ப வைப்பார். ரோபோ அதை எடுத்துப் போய்க் கம்பியில் தொங்கவிடும். மேல் கம்பி என்றால் 10 புள்ளிகள்.

இதில் ஒரு முக்கிய விதி உண்டு. ரோபோ அந்த இடத்துக்குள் இருக்கும்போது மனிதரின் கை உள்ளே போகக் கூடாது. போனால் அபராதப் புள்ளி எதிரணியின் கணக்கில் ஏறும். கட்டை தொங்கவிட்டுச் சம்பாதிப்பதை ஒரு கை அவசரத்தில் எதிரணிக்குத் தானம் செய்துவிடலாம்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழகிய சிக்கல்தான். ஒரே ஃபைலில் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுத முயன்றால் தகவல் கெட்டுப் போகும். அதனால் ஒன்று எழுதும்போது பூட்டுப் போடுவோம். வேலை முடிந்ததும் பூட்டைத் திறப்போம். அதன் பிறகே மற்றது நுழையும். எங்கள் ஏரியில் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக் கொள்வார்கள். அந்தப் பெண்ணிடம் கம்ப்யூட்டர் பூட்டைப் பற்றிச் சொன்னபோது முகம் சுளித்தாள். "உங்கப்பாவோட பாடு இல்லாத நாள்ல அங்க வலை கட்டுவாரா?" என்று கேட்டதும் சட்டென்று புரிந்து கொண்டாள்.

பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டும். அரங்கில் சத்தம் அதிகம். எனவே சொற்கள் குறைவாக இருக்கட்டும். 'வெளியே' என்ற சொல் வேண்டாம். வெளியே வந்தது கையா, ரோபோவா என்று டிரைவருக்குக் குழப்பம் வரும். நாங்கள் 'கை', 'வண்டி' என்று இரண்டே சொற்களை வைத்துக் கொண்டோம். 'கை' என்று டிரைவர் சொன்னால் ரோபோ முழுவதும் வெளியேறிவிட்டது, இனி ஹியூமன் பிளேயரின் முறை என்று பொருள். 'வண்டி' என்று ஹியூமன் பிளேயர் சொன்னால் கையை எடுத்தாகிவிட்டது, ரோபோ வரலாம் என்று பொருள். கையை எடுத்த பிறகுதான் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டே சொல்வது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

முதல் 30 விநாடிகள்

ரிமோட் நேரத்தில் டிரைவர் காத்திருப்பார். தானாக இயங்கும் 30 விநாடிகளில் புரோகிராம் காத்திருக்காது. அந்தப் பருவத்தில் நல்ல அணிகள் இந்த 30 விநாடிகளுக்குள்ளேயே கட்டைகளை மூலைக்குத் தள்ளி, கிளிப் மாட்டப்பட்டதும் எடுத்து, ஐந்து முறை கூடத் தொங்கவிட்டன. ரோபோ எத்தனை விநாடி கழித்துத் திரும்பி வர வேண்டும் என்பதை புரோகிராமர் எழுதி வைத்திருப்பார். அந்த எண்ணை அவர் எங்கிருந்து எடுப்பார்? ஹியூமன் பிளேயரின் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். மரக்கட்டையில் அதே அளவுக்குத் துண்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். துணிக்கு மாட்டும் கிளிப் போதும். செல்போனில் வீடியோ எடுத்தபடி 20 முறை மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தை எக்செல்லில் (அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில்) ஒரே நெடுவரிசையில் டைப் செய்யுங்கள். கீழே 'ஆவரேஜ்', 'மேக்ஸ்' என்ற இரண்டு ஃபார்முலாக்களையும் போடுங்கள்.

இப்போது கவனியுங்கள். எடுத்துக்காட்டாக, சராசரி 3 விநாடி, அதிகபட்சம் 7 விநாடி என்று வருகிறது. புரோகிராமில் 3 என்று எழுதினால் ஏறக்குறைய பாதி முறை கை உள்ளே இருக்கும்போதே ரோபோ வந்துவிடும். 7 என்று எழுதினால் நேரம் வீணாகும். எனவே சராசரியைக் குறைப்பதைவிட அந்த 7-ஐ 4-ஆகக் குறைப்பதுதான் பயிற்சியின் நோக்கம். வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் 7 விநாடி ஏன் ஆனது என்று தெரிந்துவிடும். கிளிப் கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்கும், அல்லது கட்டை தலைகீழாக வந்திருக்கும். வேகமாக மாட்டும் பையனைவிட எப்போதும் ஒரே நேரத்தில் மாட்டும் பெண்ணே அணிக்கு அதிகம் பயன்படுவாள்.

எப்போது செய்வது?

எஃப்.ஆர்.சி.யின் 2024 ஆட்டமான 'கிரெசெண்டோ'வில் ஹியூமன் பிளேயருக்கு ஒரு பட்டன் இருந்தது. ரோபோக்கள் இரண்டு ஃபோம் வளையங்களை 'ஆம்ப்' என்ற பெட்டியில் போட்ட பிறகு அதை அழுத்தலாம். அழுத்தினால் 10 விநாடிகளுக்கு, 'ஸ்பீக்கர்' என்ற இலக்கில் விழும் வளையத்துக்கு 2-க்குப் பதில் 5 புள்ளிகள். பட்டன் தயாரானதும் அழுத்துவது சுலபம். ஆனால் அந்த நேரத்தில் நம் ரோபோக்கள் வளையம் இல்லாமல் களத்தின் மறுகோடியில் இருந்தால் 10 விநாடியும் வீண். நம் ரோபோக்கள் வளையத்தோடு இலக்குக்கு அருகில் வரும்வரை பட்டன் மேல் கையை வைத்துக் காத்திருக்க வேண்டும். இது களத்தைப் படிக்கும் வேலை.

2025-ன் 'ரீஃப்ஸ்கேப்' ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கை. ரோபோ ஒரு பந்தைப் 'பிராசஸர்' துளையில் போட்டால் 6 புள்ளிகள். ஆனால் அந்தப் பந்து எதிரணியின் ஹியூமன் பிளேயர் கைக்குப் போகும். அவர் அதை எறிந்து வலையில் போட்டால் எதிரணிக்கு 4. நிகர லாபம் 2 மட்டுமே! எதிரே நிற்பவர் குறி தவறாதவர் என்றால் அணியின் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

மீனவர் பிள்ளைகளுக்கு எறிவது தானாகவே வரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வீச்சு வலை விரிய உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். பந்தோ வளையமோ எறிய உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் பையன் ஒருவன் வலை வீசும் பழக்கத்தில் இடுப்பைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு முறையும் இடது பக்கமே போட்டான். கால்களைத் தரையில் சாக்பீஸால் குறித்து நிற்க வைத்த பிறகே சரியானது.

சில சின்ன விஷயங்கள்

கண்ணாடியும் முன்பக்கம் மூடிய ஷூவும் களத்தில் கட்டாயம். செருப்பும் வெறுங்காலுமாகப் பழகிய பிள்ளைகள் போட்டி அன்றுதான் முதன்முதலாக ஷூ போடுவார்கள். குனிந்து எழும்போது தடுமாறுவார்கள். பயிற்சியையே ஷூ, கண்ணாடியோடு செய்யுங்கள். எங்கள் ஊர் வெக்கையில் கண்ணாடியில் ஆவி படியும். துடைக்க ஒரு பருத்தித் துணி பாக்கெட்டில் இருக்கட்டும்.

விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மீடியம் மாணவர்கள் அதைக் கண்டு மிரள வேண்டாம். முழுவதையும் ஒருவரே படிக்க வேண்டும் என்பதில்லை. ஹியூமன் பிளேயர் பற்றிய விதிகள் சில பக்கங்கள்தான். ஆசிரியர் உதவியோடு அவற்றை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். விதி எண்ணை மட்டும் அப்படியே குறித்து வையுங்கள். பருவத்தின் நடுவிலும் திருத்தங்கள் வரும் என்பதால் வாரம் ஒருமுறை தாளைச் சரிபாருங்கள். ஆட்டத்துக்குப் பின் நடுவரிடம் சந்தேகம் கேட்க மாணவர் ஒருவர்தான் போக வேண்டும். ஆசிரியர் போக முடியாது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் ஆங்கிலம் தடுமாறினாலும் விஷயம் போய்ச் சேரும்.

2025-26 பருவத்தின் 'டீகோட்' ஆட்டத்தில் கட்டைகளுக்குப் பதிலாக ஊதா, பச்சை நிறங்களில் 5 அங்குலப் பந்துகள் வந்தன. மூன்று பந்துகளின் நிற வரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அடுத்து எந்த நிறத்தை வைப்பது என்பது ஹியூமன் பிளேயரின் கையில். இதற்கு எங்கள் பிள்ளைகள் ஊதா, பச்சை பெயின்ட் அடித்த பழைய வலை மிதவைகளை வைத்துப் பழகுகிறார்கள். அந்தப் பெண் இப்போது கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தன் நேரங்களை அதில் எழுதி, புரோகிராம் எழுதும் பையன்களிடம் கொடுத்து, "இதைவிடக் குறைவா எழுதாதீங்க" என்று சொல்கிறாள்.