பதினாறு மாட்யூல், ஒரே கட்டளை

இன்டர்ன்ஷிப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இது: ஒரு மெஜென்டோ 2.4 கடை, டெஸ்ட் சர்வரில் செக்-அவுட் பக்கம் வெள்ளையா வருது, காரணம் கண்டுபிடி. வெளியில் வாங்கிப் போட்ட மாட்யூல்கள் 16. அதில் ஒண்ணு மேலதான் சந்தேகம்.

அட்மின் பேனலில் ஆஃப் பட்டன் தேடாதீங்க. பழைய பதிப்புகளில் இருந்த வெப் செட்டப் விசார்டை 2.4-ல் எடுத்துட்டாங்க. டெர்மினல்தான் வழி. (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கேன், நீங்க ஆங்கிலத்தில் அடிங்க.)

பின்/மெஜென்டோ மாட்யூல்:ஸ்டேட்டஸ் --எனேபிள்ட்

ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்கள் வரிக்கு ஒண்ணா வரும். பெயரின் முன்பாதி தயாரிப்பாளர், பின்பாதி மாட்யூல். 'மெஜென்டோ_' என்று தொடங்காததெல்லாம் வெளியாள்னு நினைச்சு, கிரெப்பில் வடிகட்டி நேரா எக்ஸ்ஆர்க்ஸுக்குத் தள்ளிட்டேன். பேபால்_பிரெயின்ட்ரீயும் சேர்ந்து அணைஞ்சுது! அது மெஜென்டோ கூடவே வர்ற பேமென்ட் மாட்யூல், பெயர்தான் வேற. அதனால பட்டியலை முதலில் ஒரு ஃபைலில் எழுதி, கண்ணால் படிச்சுட்டு அனுப்புங்க.

லூப் போட்டு ஒவ்வொண்ணா அணைக்கவும் வேண்டாம். மாட்யூல்:டிசேபிள் கட்டளைக்குப் பின்னால் எல்லாப் பெயரையும் இடைவெளி விட்டுக் கொடுக்கலாம். நேரம் மிச்சம்ங்கிறது சின்ன லாபம். ஒரு மாட்யூலை இன்னொண்ணு நம்பியிருந்தா, அதைத் தனியா அணைக்க மெஜென்டோ விடாது. இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுத்தா, சேர்த்துப் பார்த்து ஒத்துக்கும். இது தெரியாம --ஃபோர்ஸ் போடுறவங்கதான் அதிகம்.

எல்லாத்தையும் அணைச்சதும் செக்-அவுட் வந்துடுச்சு. இனி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் படிச்ச பைனரி சர்ச்தான்: பாதியை மட்டும் எனேபிள் பண்ணிப் பார்க்கணும். 16-க்கு நாலு சுற்று போதும். ஆனா கண்ணை மூடிட்டுப் பாதியா வெட்டக் கூடாது. பல தயாரிப்பாளர்கள் ஒரு அடிப்படை மாட்யூல் வெச்சு, மத்ததை அதன் மேல் கட்டுவாங்க. ஒரே தயாரிப்பாளருடையதை ஒரே பக்கம் வெச்சுப் பிரிங்க.

இப்போ ஆபத்தான இடம். கூகுளில் தேடினா, டிசேபிளுக்கு அடுத்த வரியில் 'செட்டப்:அப்கிரேட்' இருக்கும். தேடிக்கொண்டிருக்கும்போது அதை ஓட்டாதீங்க. 2.3-லிருந்து டேபிள் அமைப்பை மாட்யூலின் எக்ஸ்எம்எல் ஃபைலிலேயே அறிவிக்கலாம். அப்படி அறிவிச்ச மாட்யூல் அணைஞ்சிருக்கும்போது அப்கிரேட் ஓடினா, அந்த டேபிள்களை வேண்டாதவைன்னு அழிச்சுடும். உள்ளே இருந்த டேட்டாவும் போயிடும். திரும்ப எனேபிள் பண்ணினா காலி டேபிள்தான் கிடைக்கும். பக்கத்து சீட் அண்ணன் "டம்ப் எடுத்தியா?"ன்னு கேட்டப்போ என் விரல் என்டர் மேல இருந்தது.

டெவலப்பர் மோடில் கேஷ்:ஃப்ளஷ் போதும். புரொடக்ஷன் மோடில் செட்டப்:டிஐ:கம்பைலும் வேணும். அப்கிரேட் ஓட்டியே ஆகணும்னா டேட்டாபேஸ் பேக்கப் எடுத்துட்டு, --சேஃப்-மோட்=1 சேர்த்து ஓட்டுங்க; அழியப்போற டேட்டாவை சிஎஸ்வியா எடுத்து வெச்சுக்கும்.

மாட்யூல்களின் ஆன்-ஆஃப் நிலை முழுக்க ஆப்/எட்சி/கான்ஃபிக்.பிஹெச்பி ஃபைலில் 1, 0-ஆ இருக்கு. தொடங்கும் முன் அதை கிட்டில் கமிட் பண்ணியிருந்தேன். நாலாவது சுற்று முடிஞ்சு கிட் டிஃப் பார்த்தப்போ மாறியிருந்தது ஒரே வரி: டெலிவரி தேதி கேட்கிற மாட்யூலுக்கு நேரா 0.