குப்புறக் கிடத்தலும் கண்பார்வையும்

கேள்வி: என் தமையனாரைக் குப்புறக் கிடத்தி முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறார்கள். மயக்க மருந்தால் பார்வை போய்விடும் என்கிறார்களே, மெய்தானா?

பதில்: அபாயம் மெய், ஆனால் அபூர்வம். மருந்தின் மீதே முழுப் பழியையும் சுமத்துவதும் நியாயமன்று. மனிதனை மணிக்கணக்கில் குப்புறக் கிடத்தும்போது, சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும் கண்ணின் உள்ளழுத்தம் படிப்படியாக ஏறிச் சிலரிடம் 40ஐயும் எட்டிவிடுவதால், பார்வை நரம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் க்ஷீணிக்க ஏதுவாகிறது. சிரை வழியே ஏற்றும் புரோபோஃபால், மூச்சு வழியே தரும் செவோஃப்ளூரேனைக் காட்டிலும் இவ்வழுத்தத்தை நன்றாக அடக்குவதாகப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் அழுத்தம் குறைந்தது என்பது வேறு, பார்வை பிழைத்தது என்பது வேறு. பின்னது இன்னும் நிரூபணமாகவில்லை.

அமெரிக்க மயக்கவியல் நிபுணர் சங்கத்தின் பதிவேட்டைக் கொண்டு 2006இல் வெளிவந்த ஆய்வில், இச்சிகிச்சைக்குப்பின் பார்வை பாதிக்கப்பட்ட 93 பேரில் 83 பேருக்குப் பார்வை நரம்பே இரத்தமின்றி வாடியிருந்தது. அந்த 83 பேரில் மிகப் பெரும்பாலோர் 6 மணி நேரமோ அதற்கு மேலோ மயக்கத்திலிருந்தவர்கள், அல்லது ஒரு லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் இழந்தவர்கள். ஆகவே மருந்தின் பெயரை விசாரிப்பதற்கு முன், சிகிச்சை எவ்வளவு நேரம் நீளும், தலையை இதயத்தின் மட்டத்திலோ சற்று உயர்த்தியோ வைப்பார்களா, மெத்தை கண்ணை அழுத்தாதபடி இடையிடையே பார்ப்பார்களா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். தமையனாருக்குக் கண் அழுத்த நோய் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்கம் தெளிந்தவுடன் பார்வை மங்கலாகத் தோன்றினால், மருந்தின் மப்பு என்று வாளாவிராமல் உடனே கண் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள்.