டாக்கா நகரக் குப்பையும் பீப்பாய் எருவும்

டாக்கா நகரத்தில் ஏழை ஜனங்கள் வாழும் குடிசைப் பகுதிகளின் சந்துகள் மிகக் குறுகியவை. அவற்றுள் குப்பை வண்டி நுழைவது அரிது. ஆதலால் வீட்டுக் குப்பை சாக்கடையில் வீழ்ந்து, நீரோட்டத்தைத் தடுத்து, மழைக்காலத்தில் நோய்க்கு இடமாகின்றது. எனினும் அக்குப்பையிற் பெரும்பகுதி காய்கறித் தோல், எஞ்சிய சோறு முதலிய மட்கும் பொருளேயாம்.

1995-ஆம் வருஷத்தில் அந்நகரில் தோன்றிய ‘வேஸ்ட் கன்ஸர்ன்’ என்னும் ஸ்தாபனம், மீர்ப்பூர் பகுதியில் குப்பையை எருவாக்கத் தொடங்கிற்று. குடிசைப் பகுதிகளுக்கென அது கையாண்டது பீப்பாய் முறையாகும். பக்கங்களில் துளையிட்ட பீப்பாயொன்றைச் செங்கல் மேடைமேல் நிறுத்தி, சில குடும்பத்தார் சேர்ந்து தங்கள் சமையற் கழிவை அதில் இட்டு மூடிவைப்பர். துளைகளின் வழியே காற்றுப் புகுவதால் துர்நாற்றம் குறைகின்றது. சில மாதங்களில் எரு முதிர்கின்றது.

இம்முறைக்கு ஆதாரம், குப்பையை வீட்டிலேயே வகை பிரித்தலாம். கண்ணாடித் துண்டு உழுபவர் காலைக் கிழிக்கும், பிளாஸ்டிக் மட்காது, பாட்டரியிலுள்ள உலோக நஞ்சு மண்ணில் தங்கிவிடும். கலந்தபின் இவற்றை முற்றிலும் சலித்தெடுத்தல் இயலாது.

ஆகவே, நகர எரு வாங்கும் விவசாயிகள் முதலில் ஒரு கூடை எருவைத் தரையிற் பரப்பிப் பார்த்தல் வேண்டும். முதிர்ந்த எரு கருமையாய், உதிரியாய், மண்வாசனையுடன், சூடின்றி இருக்கும். முதிராத எருவை இட்டால் அது நிலத்தின் தழைச்சத்தை ஈர்த்துக்கொண்டு, இளம்பயிரை வாட்டும். கிராம அதிகாரிகள் சந்தைகூடும் இடங்களில் மட்கும் குப்பைக்கும் மட்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டிகள் வைத்தல் நலம்.