எல்லா நாயும் இதன்மேல் மட்டும் ஏன் பாய்கின்றன?

"அண்ணே, இந்தத் தெருவுல எத்தினி நாய் போவுது, வருது. எங்க நாயப் பாத்தா மட்டும் ஏன் எல்லாம் பாயுது?" வடசென்னை டோல்கேட் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: தெரு நாய்களுக்குத் திமிர், வீட்டு நாயைக் கண்டால் ஆகாது. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. என் நாயோடு, ஊருக்குப் போகும் அக்கம்பக்கத்தார் விட்டுச்செல்லும் நாய்களையும் காலையில் நடத்திக்கொண்டு போகிறவன் நான். அதே தெரு, அதே நேரம், அதே கூட்டம். கூட வரும் நாய் மட்டும் மாறும். ஒன்றோடு போனால் மெட்ரோ தூணடியில் படுத்திருப்பவை தலையைக்கூடத் தூக்காது. இன்னொன்றோடு போனால் முனை திரும்புவதற்குள் எல்லாம் எழுந்து நிற்கும். ஆக, காரணத்தில் பாதியாவது நம் கையிலுள்ள செயினின் மறுமுனையில் இருக்கிறது. அந்த நாயின் குற்றம் என்று சொல்லவில்லை. அதன் உடம்பு காட்டுவதை மற்ற நாய்கள் வேறுவிதமாகப் புரிந்துகொள்கின்றன.

இங்கே நாய்கள் எப்படிப் பிரிந்து வாழ்கின்றன என்று தெரிந்தால் இது விளங்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஒரு கூட்டம். எண்ணூர் விரைவுச் சாலையோரம் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு அடியில் இன்னொன்று. நடுவிலுள்ள சந்துகளில் தெருவுக்கு ஒன்று. டீக்கடை வாசல், கறிக்கடை, மீன் கழுவும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. எல்லைக்குள் வரும் புது நாயை விசாரிக்காமல் விடாது. வந்த நாய் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, உடம்பைத் தளர்த்தி, கொஞ்சம் வளைந்து வந்து, தரையை மோந்தால் விசாரணை அத்தோடு முடிந்தது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இப்படிப்பட்ட சமாதானக் குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமே எழுதியிருக்கிறார். இந்தப் பதில் வராதபோதுதான் பல் வெளியே வருகிறது.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு பக் இருக்கிறது. 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நம் ஊரில் வீட்டுக்கு வீடு பரவிய அதே தட்டை மூக்கு இனம். பரமசாது. டீக்கடை வாசலில் கருப்பி என்று ஒரு பெண் நாய். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கும். அந்தக் கருப்பி இந்தப் பக்கைக் கண்டால் மட்டும் மாறிவிடும். ஒருநாள் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். பக் நேர்கோட்டில் போனது. வால் முதுகின்மேல் சுருண்டு நின்றது. பயந்தாலும் அந்த வாலைக் கால்களுக்கு இடையில் இறக்குவது அதற்குச் சுலபமில்லை. பிதுங்கிய கண்கள் முறைப்பதுபோலவே இருந்தன. நெற்றி மடிப்புகள் எப்போதும் சுருங்கியே இருப்பதால் முகம் இறுகியதா தளர்ந்ததா என்று சொல்ல வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மூச்சு. குட்டை மூக்கில் காற்று நுழைய முடியாமல் வரும் கர், கர் என்ற ஓசை, கருப்பியின் காதுக்கு உறுமலாகத்தான் கேட்டிருக்கும். கருப்பி வாயை மூடியது. காது முன்னால் வந்தது. உடம்பு கல்லாக நின்றது. நாய் எச்சரிக்கும் விதம் அது. பக் நிற்காமல் நெருங்கியது. அடுத்த நொடி பாய்ச்சல்.

1997-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து நாய் இனங்களை ஓநாயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சண்டை, சமாதானம் தொடர்பாக ஓநாய் காட்டும் 15 குறிப்புகளில், ஓநாய்ச் சாயல் மாறாத சைபீரியன் ஹஸ்கியிடம் பதினைந்தும் இருந்தன. தட்டை முகம் கொண்ட பிரெஞ்சு புல்டாக்கிடம் நான்குதான். அழகுக்காக மனிதன் முகத்தையும் வாலையும் மாற்றிய இனங்களிடம், மற்ற நாயிடம் பேசுவதற்கான சாதனங்களும் குறைந்துபோயின. வாலைக் குட்டையாக வெட்டிய டாபர்மேன், பாக்ஸர் நாய்களுக்கும் இதே கதிதான். கனடாவில் பொம்மை நாய்க்கு நீள வாலும் குட்டை வாலும் மாட்டிச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள்: நீள வால் ஆடினால் மற்ற நாய்கள் தயங்காமல் நெருங்கின, விறைத்து நின்றால் தயங்கின, குட்டை வாலில் அந்த வித்தியாசம் அவற்றுக்குத் தெரியவில்லை. குட்டியின் வாலை வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பக்குக்குச் செய்தது இவ்வளவுதான். கழுத்துப் பெல்ட்டைக் கழற்றி மார்புப் பட்டை போட்டோம். இரைப்பு நன்றாகவே குறைந்தது. டீக்கடைக்கு முன்பே சாலையைக் கடந்துவிடச் சொன்னேன். கருப்பி இப்போதும் எழுந்து பார்க்கும், ஆனால் இடத்தை விட்டு வருவதில்லை.

பெல்ட் பக்குக்கு மட்டுமான விஷயமில்லை. எதிரே நாய் வந்ததும் நாம் பயந்து செயினை வெடுக்கென்று மேலே இழுக்கிறோம். நாயின் முன்னங்கால் தூக்கி, மார்பு விரிந்து, தலை நிமிர்கிறது. எதிரிலிருக்கும் நாய்க்கு அது சவால். முகம் திருப்ப நினைத்த நாயைக்கூட முகம் திருப்ப விடாமல் பிடித்து வைத்திருப்பது நாம்தான். செயின் தளர்ந்து தொங்க வேண்டும். நாமும் நேராகப் போகாமல், கொஞ்சம் விலகி வளைந்து போக வேண்டும். நம் சந்துகளில் அதற்கு இடமில்லை என்பது உண்மை. அதனால்தான் பிள்ளைகளின் கையில் செயினைக் கொடுத்துச் சந்துக்குள் அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது, என்னை மிகவும் வருத்திய நாய். தெருவில் ஒருவர் ராஜபாளையத்திலிருந்து வெள்ளைக் குட்டி ஒன்றை வாங்கி வந்து ஆசையாக வளர்த்தார். சிவந்த மூக்கு, பால் நிறம். வளர்ந்ததும் வெளியே அழைத்துப் போனால் கடி வாங்காமல் திரும்பாது. "சண்டக்கார நாய்ணே இது" என்று அலுத்துக்கொண்டார். அது ஒருமுறைகூட முதலில் பாய்ந்ததில்லை. அது தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். காது அசையவில்லை. தரையை மிதித்ததும் விழித்துக்கொண்டது. செவிடு. தூய வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு வருவது நாய் வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்தது. நிறமில்லாத தோலுக்குக் காரணமான மரபணுவே உள்காதையும் பாதிக்கிறது. மற்ற நாய்கள் உறுமி எச்சரிக்கும், இது காதில் விழாமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சரிக்கையை மதிக்காத நாய் என்று அவை முடிவுகட்டும். வெள்ளைக் குட்டி வாங்குபவர்கள், வாங்கும் முன்பே கைதட்டிப் பார்த்துவிடுங்கள். செவிடு என்றால் ஒதுக்கிவிடாதீர்கள், கை ஜாடைக்குப் பழக்கலாம். செயினில்லாமல் மட்டும் ஒருபோதும் வெளியே விடக்கூடாது. எங்கள் தெரு ராஜபாளையத்துக்குக் கை ஜாடை மூன்றே வாரத்தில் படிந்தது. ஆனால் அதை அழைத்துப் போகிறவர், அதன் காதாகவும் இருந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வாசனையும் ஒரு காரணம். கருத்தடை செய்யாத ஆண் நாயின் வாசனை மற்ற ஆண் நாய்களைச் சீண்டும். பெண் நாய் பருவத்துக்கு வரும் மழைக்கால மாதங்களில் இது உச்சத்துக்குப் போகும். காசிமேட்டில் மீன் வாங்கி, பையை ஒரு கையிலும் நாயை மறு கையிலும் பிடித்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெருக் கூட்டம் பாய்வது நாய்க்கா மீனுக்கா என்று அவற்றுக்கே தெரியாது.

மாநகராட்சி வண்டியில் கருத்தடைக்குப் போய் வரும் தெரு நாய்க்கும் இந்தச் சிக்கல் உண்டு. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது 2001-ல் வந்த விதி, 2023-ல் வந்த புது விதியும் அதையே சொல்கிறது. நல்ல விதி. வேறு தெருவில் இறக்கிவிட்டால், அங்குள்ள கூட்டம் அதைக் குதறிவிடும். சொந்தத் தெருவுக்கே வந்தாலும், காது நுனி வெட்டுப்பட்டு மருந்து வாசனையோடு இறங்கும் நாயை அதன் கூட்டமே முதலில் உறுமிப் பார்க்கும். அன்றைக்கு அதற்குத் தனியாக ஓரிடத்தில் சோறு வையுங்கள். கூட்டத்துக்கு நடுவில் வைத்தால் சண்டை நிச்சயம்.

கிழட்டு நாய், நொண்டும் நாய், வலிப்பு வரும் நாய் மூன்றும் அதிகம் கடிபடும். வலிப்பில் துடிக்கும் நாய்மேல் கூட வளரும் நாயே பாய்வதுண்டு. நேற்றுவரை எந்தச் சண்டையும் இல்லாத நாயை மற்றவை திடீரென்று விரட்டத் தொடங்கினால், அதன் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நம் பக்கத்திலிருந்து பெரிய தூரமில்லை.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் நாய்க்கு மற்ற நாய்களின் பாஷை எளிதில் படியும் காலம். பார்வோ நோய்க்குப் பயந்து, ஊசி முடியும்வரை மாடிவீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்தக் காலம் போய்விடுகிறது. தரையில் விட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய் ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதோடு பழக விடுங்கள். அத்துமீறினால் ஒரு உறுமலில் நிறுத்தக் கற்றுக்கொடுக்கும். அந்தப் பாடத்தை நம்மால் கொடுக்க முடியாது.

சண்டை வந்தேவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். நான் எப்போதும் பட்டன் குடை எடுத்துப் போவேன். முகத்துக்கு முன்னால் படாரென்று விரிந்தால் பெரும்பாலும் பின்வாங்கும். வாளித் தண்ணீரும் பலன் தரும். கல்லெறிந்தால் கூட்டம் இன்னும் வெறியாகும், அடுத்தமுறை உங்கள் நாயைப் பார்த்ததுமே அந்தக் கல் அதற்கு நினைவு வரும். பிரிந்த பிறகு முடியை விலக்கி நாயின் உடம்பு முழுதும் தடவிப் பாருங்கள். மேலே சின்ன ஓட்டையாகத் தெரியும் பல் காயம் உள்ளே சீழ் வைக்கும். உங்களுக்குப் பல் பட்டிருந்தால், கீறல்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28 ஆகிய நாள் கணக்கில் மீதி ஊசிகளைச் சொல்வார்கள். வலி போய்விட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர், அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.