பழைய எஞ்சினா, புது எஞ்சினா? கடன் மனு எழுதும் முன் ஒரு கணக்கு



கடலோரக் குழுக்களில் கடன் மனு வரும்போது "படகு எஞ்சின்" என்ற காரணம் அடிக்கடி வருகிறது. "எஞ்சின்ல இழுவையே இல்ல, பெருசா ஒண்ணு மாத்தணும்னு வீட்டுல சொல்றாங்க" என்பார் உறுப்பினர். தொழிலுக்குத்தானே என்று நாமும் கையெழுத்துப் போடுவோம். கடலுக்குப் போவது வீட்டு ஆண்கள். ஆனால் கடன் நம் பெயரில் இருக்கிறது. தவணை தவறினால் பதில் சொல்வதும் நாம்தான். அதனால் எஞ்சினைப் பற்றி நாலு விஷயம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபைபர் படகின் பின்னால் நீளத் தண்டோடு பூட்டுகிற ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சினைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில்: குறை எஞ்சினில்தானா?

படகு மெதுவாகப் போனால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். ஃபைபரில் கீறல் விழுந்து உள்ளே தண்ணீர் இறங்கினால் படகின் எடை கூடும். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் இலை வளைந்தாலும் நுனி உடைந்தாலும் எஞ்சினின் சக்தி வீணாகும். டீசல் ஃபில்டரும் காற்று ஃபில்டரும் அடைத்திருந்தாலும் இழுவை குறையும். இவற்றைச் சரி செய்ய ஆகும் செலவு, புது எஞ்சின் விலையில் சிறு பங்குதான். முதலில் இவற்றைப் பார்த்து முடிக்க வேண்டும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். காற்று அடைப்பு, நாசில் கோளாறு, அளவுக்கு மீறிய பாரம் ஆகியவை காரணமாக இருக்கலாம்.

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், லைனர் அல்லது வால்வு பக்கம் தேய்ந்திருக்கலாம். அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டி வந்தால் அதுவும் இதே சேதிதான்.

வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடித்தால் உள்ளே அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது டீசல் பாயும் நேரம் தப்பியிருக்கலாம்.

இந்த மூன்றையும் கரையில் நின்றே நாம் கவனிக்கலாம். "என்ன கலர் புகை வருது?" என்று கேட்டாலே வீட்டில் பேச்சு வேறு மாதிரி போகும்.

இறக்கி வேலை பார்த்தால் என்ன கிடைக்கும்?

எஞ்சினைப் பிரித்து ரிங், பிஸ்டன், லைனர், பேரிங் மாற்றி, வால்வு தேய்த்து, நாசிலையும் பம்பையும் சரி செய்தால் இழந்த சக்தி திரும்பக் கிடைக்கும். 10 குதிரைசக்தி எஞ்சின் மறுபடி 10 குதிரைசக்தி தரும். அதற்கு மேல் தராது. "பம்பை ஏத்தி வச்சா இன்னும் இழுக்கும்" என்று சிலர் சொல்வார்கள். டீசல் கூடப் பாயும், கறுப்புப் புகை வரும், எஞ்சின் சூடேறி ஆயுள் குறையும். நடுக்கடலில் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. வாடைக்காற்று நேரத்தில் எஞ்சின் நின்றால் உயிருக்கே ஆபத்து. இந்த வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

பழுதுச் செலவு புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால், அல்லது கிராங்க் தண்டும் எஞ்சின் உடலும் கெட்டிருந்தால், புதிதைப் பற்றி யோசிப்பது நல்லது. உதிரி பாகம் கிடைக்காத எஞ்சினுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டு மடங்கு சக்தி, இரண்டு மடங்கு வேகமா?

இல்லை. வலையும் ஆளும் மீனும் ஏற்றித் தண்ணீரை அறுத்துப் போகும் படகில் சக்தியை இரண்டு மடங்காக்கினால் வேகம் ஏறக்குறைய கால் பங்குதான் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 குதிரைசக்தியில் மணிக்கு 6 கடல் மைல் போகும் படகு, 20 குதிரைசக்தியில் சுமார் 7½ கடல் மைல் போகும். 12 கடல் மைல் தூரத்துக்கு முன்பு 2 மணி நேரம். இப்போது 1 மணி 36 நிமிடம். மிச்சம் 24 நிமிடம்.

டீசல் என்ன ஆகும்? சின்ன எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 2¼ லிட்டர் குடிக்கிறது என்று வைப்போம். பெரியது 4½ லிட்டர் குடிக்கும். போக வர முன்பு 9 லிட்டர், இப்போது 14.4 லிட்டர். நாளுக்கு 5.4 லிட்டர் கூடுதல். மாதம் 20 நாள் கடலுக்குப் போனால் 108 லிட்டர். இதை உங்கள் ஊர் டீசல் விலையால் பெருக்கிப் பாருங்கள். தவணையோடு இந்தத் தொகையும் மாதாமாதம் சேரும்.

நீரோட்டம் பலமான இடம், கூடுதல் வலை, நிரந்தரமாகத் தூரக் கடல் என்றால் பெரிய எஞ்சின் தேவைப்படலாம். அப்போதும் படகின் பின்பக்கம் அந்த எடையையும் அதிர்வையும் தாங்குமா என்று படகு கட்டுபவரிடம் கேட்டபின் வாங்க வேண்டும். விசிறியையும் புது எஞ்சினுக்குப் பொருத்தமாக மாற்ற வேண்டும்.

பணம் எங்கிருந்து?

60,000 ரூபாய் தேவை என்று வைப்போம். வெளியில் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,800 ரூபாய் வட்டி. 2 ஆண்டில் 43,200 ரூபாய் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். குழுவில் 1 ரூபாய் வட்டிக்கு வாங்கி மாதம் 2,500 ரூபாய் அசலோடு குறையும் வட்டி கட்டினால், 24 மாதத்தில் மொத்த வட்டி 7,500 ரூபாய்தான். கடனும் தீர்ந்துவிடும்.

ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினால் வட்டி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டி வரும். அந்த விலைக் குறைவுதான் வட்டி.

2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அது டீசல், ஐஸ் போன்ற நடைமுறைச் செலவுக்கான கடன். எஞ்சினுக்கு மானியம் உண்டா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். முன்பே கேட்க வேண்டும். எஞ்சின் மாற்றினால் படகுப் பதிவிலும் காப்பீட்டிலும் அந்த விவரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. படகின் அடி, விசிறி, ஃபில்டர் பார்த்தாயிற்றா?
2. இரண்டு மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கினீர்களா?
3. பழுது பார்த்தால் எவ்வளவு, புதிது என்றால் எவ்வளவு?
4. கூடுதல் டீசலுக்குப் பிறகும் தவணை கட்ட மிச்சம் இருக்குமா?
5. காற்று காலத்தில், கடலுக்குப் போகாத மாதங்களில் தவணை எப்படி?

இந்த ஐந்துக்கும் பதில் எழுதி மனுவோடு இணையுங்கள். பதிலை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள். எஞ்சினின் குணம் அவருக்குத் தெரியும், வீட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல முடிவு வரும். "கடன் கொடுக்க மாட்டேங்கிறாங்க" என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். சரியாகக் கேட்டு வாங்கிய கடன்தான் குடும்பத்தைக் கரை சேர்க்கும்.