அனுபவசாலி முதலீட்டாளரைச் சந்திச்சா முதல்ல என்ன கேக்கணும்?

20 வருஷமா பங்குச்சந்தையில இருக்குற ஒருத்தரைப் பார்த்ததும் நம்மில் பலர் கேட்கிற முதல் கேள்வி, "சார், இப்போ எந்த ஷேர் வாங்கலாம்?" தயவுசெஞ்சு இதைக் கேக்காதீங்க.

ஒரு சின்னக் கணக்கு. அவர் ஒரு பங்கை 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கார், இன்னைக்கு விலை 900. அவர் சொன்னார்னு நீங்க 900-க்கு வாங்குறீங்க. விலை 600-க்கு இறங்குது. அவர் போட்ட பணம் அப்பவும் ஆறு மடங்கா இருக்கும். உங்க பணத்துல மூன்றில் ஒரு பங்கு காலி. அவர் விற்கும்போது உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லப் போறதும் இல்லை.

அப்போ என்ன கேக்கலாம்? 1951 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, 20 வயசு வாரன் பஃபெட் வாஷிங்டனில் இருந்த கெய்கோ இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனார். பூட்டியிருந்த கதவைத் தட்டி, உள்ளே வேலையா இருந்த லோரிமர் டேவிட்சன் என்ற அதிகாரியைச் சந்திச்சார். சுமார் நாலு மணி நேரம் பேச்சு. கேட்டதெல்லாம் தொழிலைப் பத்தித்தான்: இன்சூரன்ஸ் கம்பெனி எப்படி சம்பாதிக்குது, ஏஜென்ட் இல்லாம நேரடியா விற்கிறதால செலவு எவ்வளவு குறையுது. கம்பெனியைப் பத்தி முன்னாடியே படிச்சுட்டுப் போனதால்தான் இப்படிக் கேக்க முடிஞ்சது. நீங்களும் ஒரு ஆண்டறிக்கையையாவது படிச்சுட்டுப் போங்க. புரியாத மூணு இடத்தைக் குறிச்சுக்கோங்க.

அந்தக் கதையில பலர் சொல்லாத பகுதி ஒண்ணு இருக்கு. அடுத்த வருஷமே அந்தப் பங்குகளை 15,259 டாலருக்கு பஃபெட் மொத்தமா வித்துட்டார். அடுத்த 20 வருஷத்துல அதோட மதிப்பு சுமார் 13 லட்சம் டாலர் ஆயிடுச்சு! அதனால, "எதை வாங்கினீங்க"ங்கிறதை விட "எதை, ஏன் வித்தீங்க"ன்னு கேளுங்க. பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குவாங்க. அங்கதான் விஷயமே இருக்கு.

இன்னொரு கேள்வி: 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 9,000-க்கும் கீழே போச்சே, அப்போ என்ன செஞ்சீங்க? வீட்டுச் செலவுக்கு எங்கிருந்து பணம் வந்தது? (சம்பளமோ வாடகையோ வந்துட்டு இருந்தவரோட தைரியத்தை நம்மகூட ஒப்பிட முடியாது.)

பேசி முடிச்ச அன்னைக்கே குறிப்பு எழுதிடுங்க. ஒருவேளை அவர், "மாசம் இவ்வளவு கட்டுங்க, வாட்ஸ்அப் குரூப்ல டிப்ஸ் தர்றேன்"னு சொன்னா, செபி பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, செபி இணையதளத்துல அந்தப் பேரும் எண்ணும் இருக்கான்னு சரிபார்த்துட்டு மேற்கொண்டு பேசுங்க.