சோம்பல் அல்ல, சுகவீனம்



மனநோய் என்றதும் காதில் குரல் கேட்பதும், வீண் சந்தேகமும், கூச்சலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனச்சிதைவு நோய் பலரிடம் சத்தமில்லாமலே தொடங்குகிறது. பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ இருக்கும் பிள்ளை நண்பர்களை விட்டு விலகுகிறான், படிப்பில் நாட்டம் குறைகிறது, குளிக்கவும் மனமில்லை. குரல்கள் கேட்பதற்குப் பல மாதங்கள், சில வேளை வருடங்கள் முன்பே இவை தலைகாட்டுவதுண்டு. வீட்டாரோ, "சோம்பேறியாகிவிட்டான் ஐயா" என்கிறார்கள்.

முதலாவது, உள்ளே நடப்பதை அறிவோம். தேறியவர்கள் பிற்பாடு சொல்லுவதைக் கேட்டால் நமக்கு விளங்கும். ஒரு வாலிபர், பல் துலக்க வேண்டும் என்று காலையில் நினைத்தவர், மதியம் வரை அதையே நினைத்துப் படுத்திருந்ததாகச் சொன்னார். விருப்பம் இருந்தது, தொடங்கத்தான் பெலன் இல்லை. தெருவில் பேசுகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றியதால் கதவைச் சாத்திக்கொண்டாள் ஒரு மகள். "இப்போது என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்கு வெட்கப்பட்டே உறவினர் வீட்டுக் கல்யாணங்களைத் தவிர்த்தார் இன்னொருவர். மருந்தின் அசதியால் முடங்கியவர்களும், மனச்சோர்வு சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலிருக்கும். காரணம் வேறு, பரிகாரமும் வேறு. ஆகையால் மருந்தை நாமாக நிறுத்தாமல், காரணத்தை மருத்துவரிடம் விவரமாய்ச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இரண்டு தவறான வழிகளைத் தவிர்ப்போம். ஒன்று, ஓயாமல் குறை கூறுவது. இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான குறைகூறலும் மிதமிஞ்சிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே நோய் அதிகமாய்த் திரும்பி வந்தது. விசுவாசக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லுவதும் இவ்வகைக் குறைகூறலே. மற்றொன்று, அப்படியே விட்டுவிடுவது. ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் இருவரும் அந்நாட்டின் மூன்று மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1970இல் எழுதியபடி, செய்வதற்கு ஒன்றுமின்றிப் பொழுதைக் கழித்த நோயாளிகளிடம் ஒதுங்குதல் மிகுந்திருந்தது. நெருக்கினாலும் கேடு, கைவிட்டாலும் கேடு.

மூன்றாவது, நடுவழியில் நடப்போம். "போய்க் குளி" என்று அதட்டுவதைவிட, "தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன், வா" என்று அழைப்பது நல்லது. கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற ஒரு சிறு வேலையை, தினமும் அதே நேரத்தில், பக்கத்தில் அமர்ந்து சேர்ந்தே செய்யுங்கள். பாதி செய்தாலும் பாராட்டுங்கள். பார்க்கப் போகிறவர்கள் கேள்விகளை அடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உடனிருப்பதே உதவி. குரல்களை அடக்கும் மருந்து ஊக்கமின்மையை அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. ஆகவே பொறுமை வேண்டும்.

ஒதுங்கியிருக்கும் எல்லாருக்கும் இந்நோய் என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் நன்றாயிருந்த பிள்ளை வாரக்கணக்கில் மாறிப்போயிருந்தால் தாமதிக்க வேண்டாம். சிகிச்சை எவ்வளவு தாமதிக்கிறதோ அவ்வளவுக்குத் தேறுவதும் கடினமாகிறது. 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இதை வாசிக்கையில் உங்கள் தெருவில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தால், இந்த வாரமே அந்தத் தாயாரைப் போய்ப் பாருங்கள். அது சோம்பல் அல்ல என்று ஒருவராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.